எட்டாம் நெம்பருக்குப் பதில் சொன்னது

பகல் பன்னிரண்டு மணி.

ராத்திரி இல்லை, பகல். பழவேற்காட்டில் படகு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு மணல் திட்டு நீளமாக ஓடும். ஒரு பக்கம் ஏரி... ஒரு பக்கம் கடல்... நடுவில் ஆள் நடந்த தடம் ஒன்று. மரம் இல்லை. குடிசை இல்லை. மே மாதம், கத்திரி வெயில். காற்று நின்றுபோயிருந்தது. அந்தத் தடத்தில் எட்டுப் பேர் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

எட்டு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"இன்னா மாமே, பேய்க் கதைன்னு உக்கார வெச்சிட்டு உச்சி வெயில்ல ஆரம்பிக்கிற?" என்று பால்ராஜ் சிரித்தான். பக்கத்து மனைக்காரன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடி. கரண்ட் போய் முக்கால் மணி நேரம். ஆறு பேர், ரெண்டு பாய், ஒரு மெழுகுவர்த்தி. கொசு வேறு.

"இருட்டுல பயப்படறதுக்கு ஆள் வேணுமாடா? நாய் கூடப் பயப்படும். வெளிச்சத்துல நடந்ததக் கேளு. நம்பாதவன் எழுந்து போலாம்."

யாரும் எழுந்து போகவில்லை.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேயை நம்புகிறவன் இல்லை. பூசாரியையும் நம்புகிறவன் இல்லை. மூன்றாவது வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை. ஆனால் ஒருத்தன் சொன்னதை அப்படியே விழுங்குகிற ஆளும் இல்லை. இது சம்பத்தின் தங்கை குடும்பத்துக்கு நடந்தது. சம்பத் என்னோடு ஃபேக்டரியில் இருபது வருஷம் ஒரே ஷாப்பில், ஒரே பட்டறையில், வேலை செய்தவன். அவன் சொன்னபோது, "போடா, கள்ளு ஊத்திகினு வந்தியா?" என்றுதான் கேட்டேன். பிறகு அவன் தங்கை புஷ்பாவைத் தனியாகக் கேட்டேன். அவள் புருஷன் உத்தமனைத் தனியாகக் கேட்டேன். வேன் ஓட்டின வீராசாமியை ரெட்ஹில்ஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன். நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பொய்யாக இருந்தால் எங்கேயாவது இடிக்கும். இடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வருஷம் எண்பத்தெட்டு.

எந்த ஃபேக்டரி என்று கேட்காதீர்கள். ஆவடியில் ஃபேக்டரிக்கா பஞ்சம். அங்கே பார்த்தசாரதி சார் என்று ஒரு சார்ஜ்மேன், மேஸ்திரிகளுக்கு மேல் அதிகாரி. கும்பகோணத்துப் பக்கம். நல்ல மனுஷன், ஆனால் பறவைப் பைத்தியம். கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர் தொங்கும். கோடை வந்தால் குவாட்டர்ஸ் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு பழவேற்காடு சரணாலயத்துக்குப் போய் நடக்க வைப்பார். ஆறு நாள் நின்று வேலை செய்கிறவன் ஏழாவது நாள் காசு கொடுத்து வேன் ஏறிப் போய் நடக்கிறான்... எனக்கு இது புரிந்ததே இல்லை. ஆனால் போனவர்கள் எல்லாரும் மறுபடியும் போனார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது நெம்பர் விஷயம். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

ஃபேக்டரிக்குள் எங்களுக்குப் பெயர் கிடையாது. ஆளுக்கொரு பித்தளை டோக்கன், அதில் ஒரு நெம்பர். காலையில் மேஸ்திரி நெம்பரைக் கூப்பிடுவார். இருக்கிறவன் குரல் கொடுப்பான். டீக்கடையில் இருக்கிறவனுக்கு? பக்கத்தில் நிற்கிறவன் குரல் கொடுப்பான். மேஸ்திரி தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். குரல் வந்தால் போதும், ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தப்புதான். நானும் செய்திருக்கிறேன். எனக்கும் செய்திருக்கிறார்கள்.

பார்த்தசாரதி சார் அதே பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனார். மணல் திட்டில் அங்கங்கே சேறு உண்டு, அதனால் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் போக வேண்டும். ஆளுக்கொரு நெம்பர். கால் மணிக்கு ஒரு தடவை முன்னால் போகிற சார் திரும்பிப் பார்க்காமலே "நெம்பர்!" என்று கத்துவார். அவரே "ஒண்ணு" என்பார். அடுத்தவர் "ரெண்டு". அப்படியே பின்னால் போகும். "எட்டு" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறார்கள். நடக்கலாம்.

அன்றைக்கு உத்தமன் ரெண்டு. தண்ணீர் கேன் அவன் தோளில் இருந்ததால் சாருக்குப் பின்னாலேயே வந்தான். மூன்றிலிருந்து ஆறு வரை குவாட்டர்ஸ் குடும்பம் ரெண்டு. அவர்கள் பெயர் நமக்கு வேண்டாம். ஏழு, தேவராஜ். ஷாப்பில் பத்துப் பேருக்கு டோக்கன் குரல் கொடுக்கிற ஆள். எட்டு, புஷ்பா.

கடைசி இடத்தை அவளேதான் கேட்டு வாங்கினாள். "நடுவுல வுட்டா பின்னாடி வர்றவங்க இடிப்பாங்க சார். நான் நின்னு பாக்கணும்" என்றாளாம்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம். பிறந்தது திருமுல்லைவாயில், வாழ வந்தது ஆவடி. ரெண்டே ஸ்டேஷன் தள்ளி. அவ்வளவுதான் அவள் பார்த்த உலகம். அன்றைக்குக் காலையில் அவள் வாயே மூடவில்லை. ஆலாப் பறவைகள் அந்தரத்தில் நின்று நின்று, கல் விழுகிற மாதிரி தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தன. கோடைக்குத் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட பூநாரைகள் நூறு இருக்கும், ஏரி நடுவில் ரோஜாக் கலரில் ஒரு கோடு போட்ட மாதிரி நின்றன. கூழைக்கடா ஒன்று பை நிறைய மீனை வைத்துக்கொண்டு முழுங்க முடியாமல் தவித்தது. கடல் பக்கம் சிவப்பு நண்டுகள்... ஆள் நிழல் பட்டால் ஒரே நொடியில் குழிக்குள்.

"யோவ், இங்க வாய்யா! கண்ண மட்டும் வெளிய நீட்டிகினு பாக்குது பாரு. உங்க ஃபோர்மேன் மாதிரியே கீது!"

சார் கூடச் சிரித்துவிட்டாராம்.

தடத்தை ஒட்டி ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடெல்லாம் இல்லை, வெறும் மணல் பள்ளம், நாலு முட்டை. ஆளைப் பார்த்ததும் ஊரையே கூட்டிவிட்டது. டிட்டீ... டீ... டிட். ஒவ்வொரு தலையாகக் குறி வைத்து இறங்கி, உரசிக்கொண்டு மேலே போனது. எட்டுத் தலைக்கும் எட்டுத் தடவை. அப்புறம் உப்புக் குட்டையில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈர வயிற்றோடு முட்டை மேல் உட்கார்ந்தது.

"வெயிலுக்கு முட்டை வெந்துடாம இருக்க அப்படிப் பண்ணும்மா" என்று சார் சொன்னார்.

புஷ்பா அங்கேயே நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து சார் முன்னால் போய் "நெம்பர்!" என்று கத்தினார். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. அவ்வளவுதான். புஷ்பா குருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்குக் காதில் விழவில்லை. தேவராஜுக்கு வாய் அரித்தது. குரலைப் பொம்பளை மாதிரி மெல்லிசாக்கி, "எட்ட்டு" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"தேவராஜ், இது ஷாப் இல்லப்பா. விளையாடாதே" என்று சார் கண்டித்தார்.

"சரி சார். பயக்க தோஷம்."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு தடவை. ஆனால் அந்த வெளியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது எதுவோ... அதற்கு அப்போதுதான் தெரிந்திருக்கும், ஒருத்தருக்கு இன்னொருத்தர் குரல் கொடுத்தால் போதும் என்று.

பால்ராஜ் இப்போது சிரிக்கவில்லை. "சொல்லு மாமே" என்றான்.

வழியில் ஒரு ஓடை. ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம். காலையில் முழங்கால் அளவு. அதைத் தாண்டி அரை மைல் போனால் சவுக்குத் தோப்பு. அங்கே எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றே காலுக்குத் திரும்பினார்கள். ஒரு மணிக்குப் படகு. படகுக்காரன் நிற்க மாட்டான்.

வெயில் என்றால் வெயில். ஆண்கள் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டார்கள். யாரும் பேசவில்லை. ஓடைக்கு முன்னால் சார் கத்தினார். "நெம்பர்!" ஒண்ணு... ரெண்டு... கடைசியில், "எட்டு." மெல்லிய குரல். ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் தொடை வரைக்கும் ஏறியிருந்தது. கரையேறினதும் மறுபடியும் "நெம்பர்!" மறுபடியும் அதே "எட்டு."

உத்தமன் நினைத்தான், தேவராஜ் மறுபடியும் வேலையைக் காட்டுகிறான் என்று. தேவராஜ் நினைத்தான், புஷ்பா சொல்கிறாள் என்று. ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அந்த ஆள்காட்டி இருந்த இடத்துக்கு வந்தார்கள்.

டிட்டீ... டீ... டிட். முதலில் சார் தலை. அப்புறம் உத்தமன் தலை. உத்தமன் தாண்டிப் போய், கேனைத் தோள் மாற்றுவதற்காக நின்று திரும்பினான். அதனால் பார்த்தான். மூணுக்குக் கத்தியது. நாலு, அஞ்சு, ஆறு... தேவராஜுக்குக் கத்திக்கொண்டு இறங்கி அவன் துண்டைக் கொத்தியது.

அப்புறம் போய் முட்டை மேல் உட்கார்ந்துவிட்டது.

எட்டாவது ஆள் இன்னும் தாண்டவில்லை. புஷ்பா கட்டியிருந்த அதே இலைப்பச்சைச் சேலை, முந்தானை முகத்துக்கு மேல். தடத்தில் வருகிறது. குருவிக்கு ஒரு முழத் தூரத்தில் கால் வைத்துப் போகிறது. குருவி... அசையவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை.

உத்தமன் வரிசையை விட்டு விலகினான். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். தேவராஜ் வந்தான்.

"இன்னாடா நின்னுட்டே?"

"புஷ்பா எங்கடா?"

"பின்னாடிதான வருது. கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?"

"உன்கிட்ட கடைசியா எப்ப பேசிச்சி?"

தேவராஜ் யோசித்தான். "பேசல... நெம்பரு சொல்லிச்சே?"

"நீ சொல்லலியா?"

"காலைல ஒரு தபா சொன்னதோட சரி. சார்தான் திட்டுனாருல்ல."

புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை, நமக்கெதற்கு என்று தேவராஜ் நடையைக் கட்டிவிட்டான்.

எட்டாவது வந்தது.

எல்லாரும் செருப்புப் போட்டுக்கொண்டே சூடு தாங்காமல் துள்ளி நடக்கிறார்கள். இது வெறுங்கால். கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி... நிதானமாக... ஓர் அடி, அப்புறம் ஓர் அடி. பக்கத்தில் வந்ததும் நாற்றம் அடித்தது. வெகுநாள் கவிழ்த்துப் போட்ட படகை நிமிர்த்தினால் ஒரு நாற்றம் வரும். அது.

"புஷ்பா."

நிற்கவில்லை.

"ஏய், உன்னத்தான்."

"எட்டு" என்றது முந்தானைக்குள்ளிருந்து.

அப்போது யாரும் நெம்பர் கேட்கவில்லை.

நான் உத்தமனைக் கேட்டேன். "பயந்துட்டியா?"

"பயந்தேண்ணா. ஆனா அடுத்த நிமிசம் கோவம் வந்துடுச்சி. இது இங்க நடக்குதுன்னா எம் பொண்டாட்டி எங்க நடக்குறா? அதான தோணும்?"

எனக்கு அவன் பதில் பிடித்தது. அவன் அதன் முகத்துக்கு நேராக நின்று சொன்னானாம்: "நீ எவளா வேணா இரு. அவ எடத்துல நடக்கற. அவளத் திரும்ப இட்டாந்து இதே எடத்துல நிக்க வெக்கிறேன், பாரு."

அதைத் தாண்டிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தான். ஓடக்கூட இல்லை. ஓடினால் துரத்தும் என்று தோன்றியதாம். முதுகுக்குப் பின்னால் சார் குரல் தூரத்தில் கேட்டது. "நெம்பர்!"

"ஒண்ணு."

"ரெண்டு."

உத்தமன் நின்றுவிட்டான். ரெண்டு என்று சொன்னது... அவன் குரல். பீடி குடித்துக் கரகரத்த அவன் தொண்டை. அவன் வாய் மூடியிருக்கிறது, குரல் அங்கே கேட்கிறது. அப்புறம் மூணு, நாலு... "எட்டு." கணக்கு சரியாகிவிட்டது. வரிசை போய்க்கொண்டே இருந்தது.

"திரும்பிப் பாக்கலியா?" என்று எல்லம்மா கேட்டாள். என் பெண்டாட்டி. நான் சொல்கிற எதையும் அவள் இதுவரை கேட்டதில்லை, இதைக் கேட்டாள்.

பார்க்கவில்லை. பார்த்தால் அவனே அங்கே நடந்து போகிறதைப் பார்க்க வேண்டி வரும் என்று பார்க்கவில்லை.

புஷ்பா ஓடையில் இருந்தாள். இறால் வலை கட்டுவதற்கு நட்ட கழி ஒன்றை ரெண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் மார்பு வரைக்கும் வந்துவிட்டது. நீச்சல் தெரியாது. உதடு வெடித்து, கண் உள்ளே போய்க் கிடந்தது. நடந்தது இதுதான்: தோப்பை விட்டுக் கிளம்பினதும் ஓர் ஆமைக் குஞ்சைப் பார்த்திருக்கிறாள். உள்ளங்கை அளவுகூட இருக்காது. கடல் பக்கம் போகாமல் வழி தவறி ஏரி பக்கம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிட்டு வந்து பார்த்தால், வரிசை தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்து ஓடையில் இறங்கியிருக்கிறாள். பாதி ஓடையில் தலை சுற்றிவிட்டது. கழி கைக்குக் கிடைத்தது.

உத்தமன் மார்பளவுத் தண்ணீரில் போய் அவள் இடுப்பைப் பிடித்தபோது அவள் கேட்ட முதல் வார்த்தை:

"இன்னாய்யா, என்னை வுட்டுட்டு எவள இட்டுகினு போனே?"

"தெரிலடி."

"நான் எட்டுன்னு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி எவளோ எட்டுன்றா. நானும் கத்தறேன், கத்தறேன்... எங் கொரலு எனக்கே கேக்கல. அவ மெதுவாத்தான் சொல்றா, ஊருக்கே கேக்குது."

படகுத் துறைக்கு வந்தபோது மணி ரெண்டாகிவிட்டது. படகு போய்விட்டது. தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த முத்தம்மாள் என்ற அம்மா ஒருத்தி, பழவேற்காட்டுக்காரி, ரெண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தன் படகில் ஏற்றிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். கதையைக் கேட்டாள். வியந்துபோகவில்லை. துடுப்பைப் போட்டுக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள்.

"இந்தப் பக்கம் நாங்க யாரையும் பேரச் சொல்லித்தாங் கூப்புடுவோம். நெம்பருக்கு ஏது மூஞ்சி? கூப்பிட்டா எது வேணா வரும்."

அதைப் பற்றி அவள் அவ்வளவுதான் சொன்னாள். மேலே ஒன்றும் கேட்டுக்கொள்ள முடியவில்லை என்றான் உத்தமன். ஒரு மணிப் படகு துறையில் எட்டுத் தலை எண்ணித்தான் போனதாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

வீராசாமியைக் கேட்டேன். "எட்டுப் பேர் ஏறுனாங்க, எட்டுப் பேர் எறங்குனாங்க. எனக்கு வேற இன்னா தெரியும்?" என்றான். நான் விடவில்லை. கிளறினேன். அப்புறம் சொன்னான். ரெட்ஹில்ஸில் கரும்பு ஜூஸ் குடிக்க நிறுத்தினார்கள். ஆறு டம்ளர்தான். பின் சீட்டில் இருந்த ரெண்டு பேரும் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்கள். மே மாதம், தகர வேன்... அவர்கள் ரெண்டு பேரும் ஜன்னல் கண்ணாடியைத் திறக்கவே இல்லை. தேவராஜ் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "சண்ட இன்னும் தீரல போல" என்று விட்டுவிட்டானாம்.

உத்தமனும் புஷ்பாவும் பொன்னேரி வந்து, பஸ் மாறி, மறுபடியும் மாறி, ஆவடி வந்து சேர ராத்திரி எட்டு மணி. செருப்பு ஓடையோடு போய்விட்டது; அவள் காலைக் கீழே வைக்க முடியாமல் வந்தாள், உள்ளங்காலெல்லாம் கொப்புளம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் வீட்டுக்குள் போய், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும்.

எதிர் வீட்டுக் கன்னியம்மாவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். கதவைத் தட்டினார்கள். கன்னியம்மா வெளியே வந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இன்னாடி இது... இப்பத்தான சாயங்காலம் ரெண்டு பேரும் வேன்ல வந்து எறங்குனீங்க?"

"யாரு எறங்குனது?"

"நீதான்டி சாவி வாங்குனே. வாயத் தொறக்கல, கைய மட்டும் நீட்டுனே. வெயில்ல அலைஞ்ச களைப்புன்னு நானும் குடுத்துட்டேன்..."

மூன்று பேரும் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். கிட்டே போனால்... உள்ளே பெருக்குகிற சத்தம். சர்ர்... சர்ர்... விளக்கு வைத்த நேரத்துக்கு அப்புறம், இருட்டில், யாரோ வீட்டைப் பெருக்குகிறார்கள்.

கன்னியம்மா புஷ்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாண்டி. ராவைக்கு எங்க ஊட்ல படுங்க. வெள்ளானூர்ல ஒரு பூசாரி கீறாரு. காலைல இட்டாந்து..."

பூசாரி வந்தால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். ஒரு கோழி, ஒரு பாட்டில், எலுமிச்சம் பழம் பதினொன்று. கடைசியில், "இந்த ஊடு ஆவாது, காலி பண்ணிடு" என்பான். அதற்கு அந்தப் பேயே தேவலாம்.

புஷ்பா கையை உதறினாள்.

"எங்க ஊட்டுக்குள்ள நான் பூறதுக்குப் பூசாரி எதுக்கு?"

கொப்புளக் காலோடு படி ஏறினாள். கதவில் ஓங்கி ஒரு அடி. உள்ளே துடைப்பம் நின்றது.

"ஏய்! நான் எட்டு இல்லடி. நான் புஷ்பா. திருமுல்லவாயில் வேம்புலி பொண்ணு புஷ்பா. நான் சாவல, கேக்குதா? சாவறதுக்கு முன்னாடியே எடம் புடிக்க வந்துட்டியா? தொறடி!"

அந்த லைனில் எல்லாக் கதவும் திறந்துவிட்டது. யாரும் கிட்டே வரவில்லை. உத்தமன் அவள் பக்கத்தில் போய் நின்றான். "நான் உத்தமன்" என்றான். அவனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லையாம்.

அப்புறம் உள்ளே தாழ்ப்பாள் விலகியது... மெதுவாக... துருப்பிடித்த சத்தத்தோடு. கதவு ஓர் அங்குலம் உள்ளே போய் நின்றது.

புஷ்பா காலால் உதைத்துத் திறந்தாள். சுவிட்சைப் போட்டாள்.

யாரும் இல்லை. பின்கதவு உள்பக்கம் பூட்டியபடி. தரை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு மணல் கிடையாது. சேற்று நாற்றம் மட்டும். பாய் விரித்திருந்தது. ஹாலில், மேலே, ஃபேனுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு, எல்லாக் குவாட்டர்ஸிலும் போட்டிருப்பார்கள். அதில் புஷ்பாவின் கல்யாணச் சேலையை எடுத்துத் தொட்டில் கட்டியிருந்தது.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கொக்கி கிறீச்சிட்டது.

உத்தமனுக்குக் குழந்தை கிடையாது. அவன் ஒன்றும் புரியாமல் நின்றான். புஷ்பாவுக்குப் புரிந்தது. நாள் தள்ளிப்போய் அன்றைக்கு ஒன்பதாவது நாள். நிச்சயமாகட்டும் என்று புருஷனிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

போய்த் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். துணி சூடாக இருந்தது... யாரோ படுத்திருந்து இப்போதுதான் தூக்கினது போல.

கையை எடுக்கவில்லை அவள். எக்கி நின்று முடிச்சை அவிழ்த்தாள். சேலையை உதறினாள், நாலாக மடித்தாள், கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "இது என்து" என்றாள்.

சேலை அவள் கையில் இருக்கிறது. மேலே வெறும் கொக்கி. அதில் ஒன்றும் தொங்கவில்லை.

கிறீச்... கிறீச்... கிறீச்...

உத்தமன் அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் வரவில்லை. அண்ணாந்து அந்தக் கொக்கியைப் பார்த்தாள்.

"ஆட்டு. எவ்ளோ நேரம் ஆட்டுறேன்னு நானும் பாக்கறேன்."

பாயை இழுத்து அதற்கு நேர்க் கீழே போட்டுக்கொண்டு, வயிற்றின் மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு படுத்தாள். விடிகிற வரைக்கும் கண்ணை மூடவில்லை. விடிகிற வரைக்கும் அந்தச் சத்தமும் நிற்கவில்லை.